பதினைந்தாம் நம்பர் பனியன்

கல்லூரி கூடைப்பந்து அணியில் எனக்கு இடம் கிடைத்ததற்கு என் உயரமும் காரணமில்லை, ஆட்டமும் காரணமில்லை. என் அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அதுதான் காரணம்.

அணிக்கு ஆள் எடுத்த அன்று காலையில் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தோம். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் பொங்கலூர்க்காரர். கழுத்தில் விசில், கையில் ஒரு அட்டை, வாயில் எப்போதும் ஒரு 'கண்ணு'. என்னைப் பத்துத் தடவை பந்தெறியச் சொன்னார். இரண்டு உள்ளே போனது. அதில் ஒன்று பலகையில் பட்டு, கம்பியில் பட்டு, போனால் போகிறதென்று விழுந்தது. அவர் அட்டையில் எதுவும் எழுதவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்பா எங்க கண்ணு வேலை?"

"பவர் டேபிள்ல சார். ஓவர்லாக்."

திருப்பூரில் துணியை வெட்டித் தைக்கிற பிரிவுக்குப் பவர் டேபிள் என்று பெயர். அதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"அம்மா?"

"அதே கம்பெனியில செக்கிங் சார்."

இப்போது நன்றாகவே மலர்ந்தது. மறுநாள் நோட்டீஸ் போர்டில் பன்னிரண்டு பேர் பட்டியல் தொங்கியது. பன்னிரண்டாவது ஆள் நான். மதியம் வகுப்பு வாசலுக்கே வந்து, "டீமுக்கு ஜெர்சி தைக்கோணும் கண்ணு, அப்பாகிட்டச் சொல்லிப்போடு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த விசிலைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிற ஆசை கோபத்தைவிடப் பெரியதாக இருந்தது. சரிங்க சார் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் இரண்டு பெட்டியோடு திருப்பூர் பஸ்ஸில் ஏறினார்கள். எட்டு வீடு வரிசையாக இருக்கும் ஒரு லைன் வீட்டில் எங்களுடையது கடைசி. அப்பா பெரும்பாலான நாள் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார். மாலையில் கம்பெனி வேனில் இறங்கி வரும்போது தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். பையன் கல்லூரி அணியில் ஆடப்போகிறான் என்றதும் அந்தப் பஞ்சோடு நின்றபடியே சிரித்தார். "நானே தைக்கேன்ல. காசு கீசுன்னு அந்த சார்கிட்டப் பேசிறாத" என்றார்.

ஏதோ ஆர்டரில் மிஞ்சிய மெரூன் நிறத் துணியை முதலாளி கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பன்னிரண்டு பேரையும் கம்பெனிக்கு வரச்சொல்லி வரிசையாக நிறுத்தினார். டேப்பை எடுக்கவே இல்லை. ஒவ்வொருவனையும் மேலிருந்து கீழ்வரை பார்த்து, "எல், டபுள் எக்ஸ்எல், எம்" என்று சொல்லிக்கொண்டே போனார். கேப்டனிடம் வந்ததும்தான் நின்றார். கேப்டன் மூலனூர்க்காரன். முருங்கைக்காய் விவசாயம் செய்கிற குடும்பம். ஏணி இல்லாமலே காய் பறிப்பான் என்று நாங்கள் கேலி செய்கிற உயரம். "தம்பிக்கு வெளிநாட்டுக்காரன் அளவுதான் சரிப்படும்" என்றார் அப்பா. "பாத்துத் தைங்க மாமா, மழைக்கு எங்க ஊட்டுக் கூரைமேலயும் அதையே கட்டிக்குவோம்" என்றான் கேப்டன்.

தைத்தது ஒழுங்காகத்தான் வந்தது. நம்பரில்தான் கோட்டைவிட்டோம். கோட்டைவிட்டது நான்தான். பிரிண்டிங் பட்டறைக்குக் கொடுத்த சீட்டில் '12 பீஸ், முன்னும் பின்னும் நம்பர்' என்று எழுதி, எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஓரத்தில் ஒரு ஏழு வரைந்திருந்தேன். மூன்று நாள் கழித்துப் போனால் பன்னிரண்டு பனியனிலும் ஏழு. பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். "பாருங்க தம்பி, ஒரு நூல் நகரலீங்க. பன்னெண்டும் அச்சு மாறாம ஒண்ணுபோல வந்திருக்குது" என்றார். அவர் மேல் தப்பே கிடையாது. ஒரு படம் கொடுத்தால் பத்தாயிரம் பீஸிலும் அதையே அடிப்பதுதான் அவர் தொழில். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு நம்பர் கேட்கிற பைத்தியக்கார ஆர்டர் அவர் வாழ்நாளில் வந்ததில்லை.

ஆட்ட விதிப்படி நாலிலிருந்து பதினைந்துவரை ஆளுக்கொரு நம்பர் வேண்டும். அம்மா வெள்ளைத் துணியில் நம்பர்களை வெட்டித் தந்தாள். அப்பா அவற்றை ஏழின் மேல் வைத்துத் தைத்தார். கேப்டனுக்கு மட்டும் ஒட்டுப்போடாத ஏழு. மற்ற எல்லோருடைய நம்பருக்கு அடியிலும் ஒரு ஏழு ஒளிந்திருந்தது. வியர்வையில் நனைந்தால் அது லேசாக எட்டிப் பார்க்கும். உடுமலையில் ஒருவன், "ஏனுங்க, உங்க டீம்ல மொத்தப் பேரும் ஏழுங்களா?" என்றே கேட்டுவிட்டான்.

எனக்கு வந்தது பதினைந்து. அதை மட்டும் அப்பா இரண்டு தையல் போட்டுத் தைத்தார்.

முதல் ஆட்டம் கோபிப் பக்கம் ஒரு கல்லூரியில். டவுன் பஸ்ஸிலும் வெளியூர் பஸ்ஸிலுமாக மாறி மாறிப் போனோம். நாற்பது நிமிட ஆட்டத்தில் சார் என் பக்கம் திரும்பியது ஒரே தடவை, தண்ணீர் பாட்டிலுக்கு. ஜெயித்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் தட்டி, "அடுத்த மேட்சுல பாக்கலாங் கண்ணு" என்றார். நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அன்றைக்கு அரை ஷிப்டை விட்டுவிட்டு முன்னதாகவே வந்திருந்தார். அவர் அப்படி வருவது அபூர்வம்.

"எத்தன போட்டல?"

ஆடவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். புருவத்துப் பஞ்சும், கையில் ஆறிப்போன டீயும், அந்தச் சிரிப்பும் கண்ணில் பட்டுவிட்டன.

"நாலுப்பா."

அவ்வளவுதான். புளுகு மூட்டை அவிழ்ந்துவிட்டது. அந்த நாலை எப்படிப் போட்டேன் என்று அவர் கேட்க, கேப்டன் போட்ட இரண்டு கூடையை எடுத்து எனக்கு மாட்டிக்கொண்டு விளக்கினேன். அடுத்த ஆட்டத்தில் ஆறு. அதற்கடுத்ததில் எட்டு. பேராசைப்படாமல் அளந்துவிட்டேன் என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். நிஜத்தில் நான் பெஞ்சை விட்டு எழுந்ததெல்லாம் கை தட்டுவதற்கும் பாட்டில் கொடுப்பதற்கும்தான். "அடுத்த மேட்சுல பாக்கலாங் கண்ணு" என்பது மட்டும் தவறாமல் வந்தது. அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பொய்க்குத் தகுந்த தடயமும் வேண்டுமே. எட்டுப் புள்ளி போட்டவனின் பனியன் மடிப்புக் கலையாமல் வீட்டுக்கு வந்தால் எப்படி? எந்த ஊருக்குப் போனாலும் திரும்பக் கிளம்புவதற்கு முன் குழாயடிக்குப் போய் பதினைந்தாம் நம்பரை நனைத்துப் பிழிவேன். தரையில் ஒரு புரட்டுப் புரட்டிக் கொஞ்சம் புழுதியும் சேர்ப்பேன். அப்புறம் சுருட்டிப் பைக்குள் திணிப்பேன். கேப்டன் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏனுங்க தெக்கத்தியாரே, இங்கயே தொவச்சுப் போடறீங்களா? வீட்ல சோப்பு மிச்சமுங்களா?" என்றான். சும்மா வெக்கைக்குத்தான் என்று சமாளித்தேன். என்னைப்போல் புத்திசாலி உலகத்தில் கிடையாது என்ற நினைப்பு எனக்கு.

அந்த அணியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. எங்கள் மைதானம் சிமெண்டுத் தரை. வளையத்தில் வலை கிடையாது. கம்பெனியிலிருந்து யாராவது கொண்டுவரும் பனியன் வேஸ்ட் துணியை நீளமாகக் கிழித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு நாங்களே வலை கட்டுவோம். மாதத்துக்கொரு நிறம் மாறும். ஊரில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று எங்கள் வளையத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மழை பெய்தால் தரை துடைப்பதும் அதே வேஸ்ட்தான்.

கேப்டனின் மரியாதை ஊரறிந்தது. மைதானத்திலும் அவனுக்கு 'ங்க' போகாது. "பாஸ் போடுங்க! போடுங்கன்னா!" என்று கத்துவான். எதிர் அணிக்காரன் வழியை மறித்தால், "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பான். இடித்துக் கீழே தள்ளிவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, அடி பலமுங்களா?" என்று கை கொடுத்துத் தூக்குவான். நடுவர்களே திகைத்துப்போய் விசில் ஊத மறந்த நேரங்கள் உண்டு. திங்கட்கிழமைகளில் ஊரிலிருந்து வரும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவருவான். சார் வீட்டுக்கு ஒரு பாதி, எங்கள் வீட்டுக்கு ஒரு பாதி. எங்களுக்கு எதற்கு என்றால், பனியன் கூலி என்பான்.

பனியன் கூலி என்பதும் சும்மா சொன்னதில்லை. சிமெண்டுத் தரையும் முரட்டு ஆட்டமுமாக, ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு மூன்று பனியன்கள் கிழியும். ஒவ்வொருவனும் தன்னுடையதைத் தானே துவைத்துக்கொள்ளட்டும், ஆனால் வாரக்கடைசியில் பன்னிரண்டும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், அப்பா பழுது பார்ப்பார் என்று சார் ஏற்பாடு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து வந்ததும் அம்மா அந்த மூட்டையை அவிழ்த்து உட்காருவாள். செக்கிங்கில் துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட, நகக்கண் அளவில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வேலை முடிந்து வரும்போது அம்மாவின் முந்தானையில் எப்போதும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் பாதித் தாள் ஸ்டிக்கர் வைத்திருந்தாள். டியூப்லைட்டுக்கு நேராக ஒவ்வொரு பனியனையும் தூக்கிப் பிடிப்பாள். கக்கத்தில் தையல் விட்டிருந்தால் ஓர் அம்பு. கழுத்துப் பட்டி இழுபட்டிருந்தால் ஓர் அம்பு. தரையில் உரசி நூல் எழும்பியிருந்தால் அங்கே ஒன்று. அம்பைப் பார்த்து அப்பா தைப்பார்.

எட்டாம் நம்பரில் நாலு அம்பு. கேப்டனின் ஏழில் எப்போதும் ஐந்துக்குக் குறையாது. பதினைந்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. அம்மா அதையும் மற்றவற்றைப்போலவே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், அப்படியே மடித்து வைப்பாள்.

அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. "பாத்தியாட்டி, மத்ததெல்லாம் எப்படிக் கெடக்கு, எம் மவன் பீஸப் பாரு. ஒரு தையல் விட்டிருக்கா? ரெண்டு தையல்லா போட்டிருக்கேன்!" என்பார். அம்மா, "ஆமா" என்பாள். எனக்கு அந்த நேரத்தில் பக்கத்துக் கடைக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

அணி ஜெயித்துக்கொண்டே போனது. நான் ஆடாததால்தானோ என்னவோ. கூடவே, ஆள் குறைந்துகொண்டும் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஷிப்மெண்ட் காலம் வந்ததும் கம்பெனிகளில் ஆள் பற்றாக்குறை. ஒருவன் பேக்கிங்கில் சேர்ந்தான், இன்னொருவன் மாமாவின் நிட்டிங் மெஷினைப் பார்க்கப் போனான், இரண்டு பேர் பரீட்சையில் விழுந்து வீட்டில் அடைபட்டார்கள், ஒருவன் ஏன் வரவில்லை என்று அவனுக்கே தெரியாது. அரையிறுதிக்கு நாங்கள் தகுதி பெற்றபோது பன்னிரண்டு பேர் ஏழு பேர் ஆகியிருந்தோம். ஏழாவது ஆள் நான். அரையிறுதி எங்கள் மைதானத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கோயம்புத்தூர் அணி ஒன்றோடு.

அந்த வாரம் புதன்கிழமை அப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஷிப்மெண்ட் முடிஞ்சிருச்சில. ஞாயித்துக்கெழமை எல்லாருக்கும் லீவு. நம்ம டேபிள்ல பதினாலு பேரு வாராங்க, உன் ஆட்டத்தப் பாக்க. மொதலாளி வேன் தாரேன்னுட்டாரு."

டீ நேரத்தில் அவர் என்ன பேசியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. என் நாலும் ஆறும் எட்டும் கம்பெனி முழுக்கப் பரவியிருந்தன. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, 'பாஸ்கெட்பால்காரரே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பதினாலு பேர் முன்னால் நான் நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்த மனிதர் திங்கட்கிழமை எந்த முகத்தோடு மெஷினில் உட்காருவார்? எனக்குக் கிடைக்கப்போகிற அவமானத்தைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. அதற்குத் தகுதியானவன்தான் நான். அவர் என்ன பாவம் செய்தார்?

கேப்டனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குழாயடி விஷயம் உட்பட. சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஏனுங்க இப்படிப் பண்ணீங்க? என்னோட கூடையெல்லாம் எடுத்துக்கங்க, அதொண்ணுமில்ல. அப்பாகிட்டப் போயி..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, என்னைச் சாரிடம் இழுத்துப் போனான். சார் விசிலை உருட்டியபடி கேட்டுக்கொண்டார்.

"கண்ணு, இது செமி பைனலு. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆடுற பசங்கள வெளிய எடுத்துப்போட்டு உன்ன எறக்க முடியாது."

முதல்முறையாக அவர் 'அடுத்த மேட்சுல' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சனிக்கிழமை முழுக்க அப்பாவிடம் சொல்லிவிட முயற்சி செய்தேன். மூன்று தடவை அருகில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர், நாளைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும், கை தட்டலாமா, சத்தம் போட்டால் நடுவர் திட்டுவாரா என்று கேட்டார். நான் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் கோழை, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கோயிலில் அம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தாள். அணி ஜெயிக்க வேண்டுமென்று வேண்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகல் வேன் வந்தது. டெய்லர்களும் அவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்காரர்களுமாகப் பதினாலு பேர், நடுவில் தேய்த்த சட்டையில் அப்பா. டீ பிளாஸ்க், முறுக்குப் பொட்டலம் எல்லாம் கொண்டுவந்து சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் சும்மா கூடை போட்டுப் பழகுவோம் இல்லையா, அதில் நான் போட்ட ஒன்று உள்ளே போய்விட்டது. சுவரே அதிரக் கை தட்டினார்கள். "ரெண்டு!" என்று யாரோ எண்ணவும் செய்தார். நடுவர் பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்குப் போனார். ஐந்து பேர் உள்ளே போனார்கள். நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சுவர்ப் பக்கம் திரும்பக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். முதல் கால்பகுதி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் கொஞ்சம் திரும்பிவிட்டேன். அப்பா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டார். அப்பா என்ன பதில் சொன்னார் என்று பிற்பாடு அந்த ஆளே என்னிடம் சொன்னார். "முக்கியமான ஆளைக் கடைசியிலதாம்பா எறக்குவாங்க."

மூன்றாம் கால்பகுதியின் கடைசியில் எங்கள் எட்டாம் நம்பருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் வெளியே வர, ஆறாவது ஆள் உள்ளே போனான். ஆடக்கூடிய ஆளாகப் பெஞ்சில் மிச்சம் நான் ஒருவன். ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம், கேப்டன் பந்தைத் தடுக்கப் பாய்ந்து எதிராளியின் கையில் அடித்துவிட்டான். ஐந்தாவது தவறு. ஐந்து ஆனால் வெளியே. "மன்னிச்சுக்கோங்க" என்று அவனுக்குக் கை கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். எனக்காக வேண்டுமென்றே செய்தானோ என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "செமி பைனல்ல எவனாச்சும் வேணும்னு வெளிய வருவானுங்களா? அன்னைக்கு ராத்திரி நான் சோறே திங்கலீங்க" என்றான். அவன் அழுததை நானே பார்த்தேன், அதனால் நம்புகிறேன்.

சார் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். வேறு ஒருவன் இருந்திருந்தால் அன்றும் உட்கார்ந்துதான் இருந்திருப்பேன்.

"போ கண்ணு."

முதல் பந்து எனக்கு வந்தது. வாங்கினேன், கோட்டுக்கு வெளியே எறிந்தேன். சுவரிலிருந்து "பரவால்ல, பரவால்ல!" என்று பதினாலு குரல். அடுத்தது என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. நான் ஆடினேன் என்று சொல்வதைவிட ஓடினேன் என்று சொல்வதுதான் நியாயம். யார் பின்னால் ஓடுகிறேன் என்றே தெரியாமல் ஓடினேன். மூச்சு வாங்கியது, கண்ணில் உப்பு எரிந்தது, கழுத்துப் பட்டியை இழுத்து முகம் துடைத்தேன். அப்படித் துடைப்பதை எத்தனை ஆட்டங்களாகப் பெஞ்சிலிருந்து பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்!

ஒரு நிமிடம்போல மிச்சம் இருக்கும்போது, வளையத்துக்கடியில் தவறி வந்த பந்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். மேலே எறியப்போனபோது பின்னாலிருந்து ஒருவன் பனியனைப் பிடித்து இழுத்தான். கக்கத்தில் 'டர்' என்று கிழிந்தது. முழங்காலும் முழங்கையும் சிமெண்டில் தேய, விழுந்தேன். விசில். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் எறியலாம், ஒன்றுக்கு ஒரு புள்ளி.

முதல் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. எதிர் அணிக்காரன் ஒருவன் சிரித்தான். இரண்டாவதற்கு முன் சுவரைப் பார்த்தேன். அப்பா சுவரின் மேல் எழுந்து நின்றிருந்தார், முறுக்கு அப்போதும் கையில். எறிந்தேன். பந்து கம்பியைச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது, அந்த மாதத்துப் பச்சை நிற வேஸ்ட் வலைக்குள் விழுந்தது.

ஒரு புள்ளி. அந்தப் பருவம் முழுக்க நான் போட்டது அவ்வளவுதான். நாலு புள்ளியில் தோற்றோம். ஆட்டம் முடிந்த பிறகும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கேப்டனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சார் வந்து இரண்டு பேர் தலையிலும் கை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கிழிந்த கக்கத்தைத்தான் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் திரும்பி, "ரெண்டு நாளா பயலுக்குக் காய்ச்சல். அதான் இன்னைக்குக் கொஞ்சம் தொவண்டுட்டான்" என்றார். எனக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. அவர்கள் எல்லோரும் "அதானே பாத்தேன்" என்றார்கள். ஒருவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, லேசா இருக்கு" என்றுகூடச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் மூட்டையை அவிழ்த்ததும் அப்பா பதினைந்தை எடுத்தார். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "ரெண்டு தையல் போட்டது எப்படிட்டி விட்டுச்சி?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார். அம்மா வாங்கினாள். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஸ்டிக்கர் தாளை எடுத்து, கக்கத்தில் ஓர் அம்பு ஒட்டினாள். இழுபட்ட கழுத்துப் பட்டியில் ஒன்று. முதுகில் உப்புப் பூத்திருந்த வெள்ளைக் கோட்டில் ஒன்று. சிமெண்டில் உரசி நூல் எழும்பிய இடத்தில் ஒன்று. பதினைந்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த ஏழின் மேல் இன்னொன்று. அது குறையே இல்லை, ஆனாலும் ஒட்டினாள்.

"எதுக்குட்டி இத்தன? ரிஜெக்ஷன் பீஸ் மாதிரில்லா ஆக்கிட்ட" என்றார் அப்பா.

"இருக்கட்டும். நீங்க மொதல்ல மெரூன் நூலு இருக்கான்னு பாருங்க."

அப்பா நூல் தேடி உள்ளே போனார். அம்மா ஒட்டிய அம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இத்தன நாளும் வெறும் தண்ணியில முக்கித்தான்யா காயப்போட்டேன். இன்னைக்குத்தான் இதுக்குச் சோப்பு போடணும்."